குற்றவாளியைக் கணித்தறிதல்

திருட்டு நடந்த வீட்டில் திருடன் தன் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. ஆயினும், அவன் வந்த நேரம், நுழைந்த வழி, உடைத்த பூட்டு, எடுத்துச் சென்ற பொருள், கைக்கெட்டியும் எடுக்காமல் விட்ட பொருள் ஆகிய யாவும் அவனைப்பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கைதேர்ந்த தச்சனின் வேலையைக் கண்டவுடன், 'இஃது இன்னாருடைய கைவேலை' என்று மற்றொரு தச்சன் சொல்லிவிடுவான். அதுபோலவே குற்றத்திலும் கைவரிசை என ஒன்று உண்டு. கைவரிசையைக் கொண்டு, அதைச் செய்தவன் எத்தகையவன், எங்கிருந்து வந்திருக்கக்கூடும், அடுத்து எங்கே செல்லக்கூடும் என்று ஆராயும் முறையையே குற்றவாளி இயல்புக் கணிப்பு என்று உளவியலார் கூறுகின்றனர். பழைய வழக்குகள் பலவற்றின் விவரங்களைத் தொகுத்து, எண்ணி, ஒப்பிட்டு அக்கணிப்பைச் செய்யும்போது அது புள்ளிவிவர வழிப்பட்ட கணிப்பு ஆகிறது. இதன் பயன் யாது, இதன் எல்லை யாது, எல்லை மீறினால் விளையும் கேடு யாது என்னும் மூன்றையும் இங்கே காண்போம்.

இக்கலை முற்றிலும் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணவேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மாணவர்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். கோவலனைப் பிடிக்க வந்த காவலர், அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்கின்றனர். உடனே பொற்கொல்லன் களவு நூலை விரித்துரைக்கத் தொடங்குகிறான். கள்வர் துணையாகக் கொள்வன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டு என்று அடுக்குகிறான். அவர்தம் திறமைக்குப் பழங்கதைகளும் சொல்கிறான். கல்வியறிவில்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. காவலர் சொன்னதும் பொதுப்படையான சாயல். பொற்கொல்லன் சொன்னதும் பொதுப்படையான சாயல். 'கள்வர் இப்படிப்பட்டவர்' என்பதைப்பற்றி இருவரும் வாதிட்டனரேயன்றி, 'இந்தச் சிலம்பு யாருடையது' என்று எவரும் ஆராயவில்லை. அதை ஆராய்ந்தவள் கண்ணகி. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே சோதனையில் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் உயிர் போய்விட்டது. சாயல் வேறு, சான்று வேறு என்னும் பாடத்தை நம் காப்பியம் இவ்வாறு நெஞ்சில் பதியவைத்துவிட்டது. கணிப்பு முறையைப் பற்றி இனி நாம் பேசப்போவன எல்லாம் இப்பாடத்தின் விரிவே எனலாம்.

இன்றைய வரலாற்றுக்கு வருவோம். ஆளை அடையாளங் காணும் துறையில் இந்தியா முன்னோடி நாடு. 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவப்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் கைரேகை வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. கைரேகை, 'இவன்தான்' என்று ஒருவனைச் சுட்டுவது. ஆனால் ஒப்பிடுவதற்கு முன்பே பதிவான ரேகை ஒன்று வேண்டும். அது கிடைக்காதபோது என் செய்வது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அட்சர்லி என்னும் காவல் அதிகாரி, குற்றங்களை அவை செய்யப்பட்ட முறைக்கேற்ப வகைப்படுத்திப் பதிவேடு வைக்கும் வழியை வகுத்தார். நுழைந்த இடம், கருவி, காலம், கையாண்ட தந்திரம் எனத் தலைப்புகள் இட்டு எழுதினால், தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் நடந்த குற்றங்கள் ஒருவன் கைவரிசையே என்பது புலப்படலாம் அன்றோ?

குற்றவாளியின் மனத்தை நோக்கிக் கணிப்பு திரும்பியது பிற்காலத்தில். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அதிகாரிகள் 1970-களின் இறுதியில் தொடங்கிச் சிறையிலிருந்த 36 கொலைஞரை நேரில் கண்டு பேசி, கொலைகளைத் 'திட்டமிட்டவை', 'திட்டமற்றவை' என இருவகையாகப் பிரித்தனர். இப்பிரிவு உலகெங்கும் பரவியது, திரைப்படங்களிலும் புகுந்தது. ஆனால் 2004-இல் டேவிட் கேன்டர் என்னும் ஆங்கில உளவியலாரும் அவருடைய துணைவரும் 100 தொடர்கொலை வழக்குகளின் விவரங்களை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, கொலைகள் அவ்வாறு இரண்டு குவியலாகப் பிரிந்து நிற்கவில்லை. அனுபவசாலியின் ஊகம் அழகாக இருக்கலாம். எண்ணிப் பார்க்கும்வரை அது ஊகமே. விவரத் தொகுப்பின் முதற்பயன் இதுதான்: குற்றவாளியைக் காட்டுவதற்கு முன், நம்முடைய தவறான நம்பிக்கைகளை அது நமக்குக் காட்டிவிடுகிறது.

எண்ணிக் கணித்தவற்றுள் ஓரளவு நிலைத்து நின்றது இடத்தைப்பற்றிய கணிப்பு. இதனை விளக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டுக் கூறுவேன். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி ஆர்.கே.பேட்டை என்னும் நெசவூர் இருக்கிறது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தறிக்கூடங்களில் நூற்கட்டுகள் இரவில் களவு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். களவு நடந்த இடங்களைப் படத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு புள்ளிகளை இணைத்து, அக்கோட்டை விட்டமாகக் கொண்டு வட்டம் வரையுங்கள். உள்ளூரிலிருந்தே கிளம்பித் திருடுபவனாயின், அவன் குடியிருப்பு அவ்வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு மிகுதி என்று கேன்டர் முதலியோர் கண்டனர். காரணம் எளிது. திருடனும் மனிதன், நடந்து பழகிய தெருக்களையே அவன் அறிவான். வீட்டிலிருந்து தொலைவு கூடக்கூடக் களவின் எண்ணிக்கை குறைகிறது. ஆயினும் தன்னை அறிந்தவர் நிறைந்த அண்டை வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறான். 1986-இல் லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த கொடுங்குற்றங்களில் தேடவேண்டிய பகுதியைச் சுருக்கிக்கொள்ளக் கேன்டரின் இத்தகைய கணிப்பு காவலர்க்கு உதவியது.

ஆனால் 'உள்ளூரிலிருந்தே கிளம்புபவனாயின்' என்று நாம் இட்ட நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. வந்து போகின்றவனுக்கு அவ்வட்டம் பொருந்தாது. இதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உண்மையான வழக்கு ஒன்று உண்டு.

1995-ஆம் ஆண்டு முதல் 2005 வரை, தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைகளை ஒட்டி அமைந்த வீடுகளில் கொடிய கொள்ளைகள் பல நடந்தன. நள்ளிரவில் கூட்டமாக வருவர், கதவை உடைத்துப் புகுவர், இரும்புத் தடிகளால் வீட்டாரைத் தாக்குவர், எதிர்த்தவரைக் கொல்வர், நகைகளை வாரிக்கொண்டு மறைவர். 2005-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள், அப்போது கும்மிடிப்பூண்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே. சுதர்சனம், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில் தம் வீட்டிலேயே இக்கூட்டத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. காவல்துறைத் தலைவராக இருந்த எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைக்கப்பட்டது.

ஒவ்வொரு கொள்ளையும் அந்தந்த ஊரின் வழக்காகத் தனித்து நின்றவரை துப்பு துலங்கவில்லை. ஒரு காவல் நிலையத்தின் ஏடு மற்றொரு நிலையத்துக்குச் செல்வது அரிதாகவும், ஒரு மாநிலத்தின் ஏடு மற்றொரு மாநிலத்துக்குச் செல்வது அதனினும் அரிதாகவும் இருந்த காலம் அது. வழக்குகளை ஒன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் கைவரிசை ஒன்றே என்பது தெளிவாயிற்று. தாக்கப்பட்ட வீடுகள் நெடுஞ்சாலைக்கு அருகில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தன. எனவே வந்தவர்கள் சாலை வழியே வந்து சாலை வழியே சென்றவர்கள். சரக்கு லாரிகளின் போக்குவரத்தோடு கலந்து மறைந்தவர்கள் என்னும் எண்ணம் வலுத்தது. வட்டம் வரைந்து அதற்குள் தேடியிருந்தால், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைத் தொழிலாளரும் அக்கம்பக்கத்துச் சிற்றூர் மக்களுமே விசாரணைக்கு ஆளாகியிருப்பர்; உண்மைக் குற்றவாளிகளோ ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருந்தனர். சம்பவ இடங்களில் கிடைத்த கைரேகைகள் வடமாநிலங்களின் பதிவுகளோடு ஒப்பிடப்பட்டன. தனிப்படையினர் வடக்கே சென்று தேடி, பவாரியாக் கொள்ளைக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தனர். நெடுங்காலம் நடந்த கொலை வழக்கில் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கில் கணிப்பு செய்த பணியையும் சான்று செய்த பணியையும் பிரித்துப் பாருங்கள். 'எங்கே தேடுவது' என்பதைக் கைவரிசை சொல்லியது. 'இவன்தான்' என்பதற்குக் கைரேகை போன்ற சான்றுகள் வேண்டியிருந்தன. முன்னது கைகாட்டி மரம். பின்னது போய்ச் சேர்ந்த ஊர். கைகாட்டி மரத்தையே ஊர் என்று எண்ணி அதனடியில் தங்கிவிடுபவன் எங்கும் சென்று சேரமாட்டான்.

கணிப்பு மட்டும் ஏன் சான்றாகாது? சிறிய கணக்கு ஒன்றால் இதனை அறியலாம். நாம் முன்பு கூறிய கற்பனைக் களவுக்கு ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் 50,000 பேரைப்பற்றி ஆராயவேண்டும் என்று கொள்வோம். திருடன் ஒருவனே. கணிப்பாளர் சொன்ன அடையாளங்கள், அதாவது இன்ன வயது, தறிவேலை அறிந்தவன், இரவில் வெளியே செல்பவன் என்பன, நூற்றுக்கு ஒருவரிடமே காணப்படுவன என்றும் கொள்வோம். கேட்பதற்கு மிகக் கூர்மையான கணிப்பாகத் தோன்றும். ஆனால் 50,000 பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால் 500 பேர் ஆகின்றனர். கணிப்பு முற்றும் சரியாகவே இருந்தாலும், அந்த 500 பேரில் 499 பேர் குற்றமற்றவர்கள். அவர்களுள் ஒருவனைப் பிடித்து, 'அடையாளங்கள் எல்லாம் பொருந்துகின்றன' என்று தண்டித்தால், நாம் தவறிழைக்கும் வாய்ப்பு 500-க்கு 499. பெரிய எண்ணிக்கையுள்ள மக்களிடையே அரிய ஒன்றைத் தேடும்போது, நல்ல கணிப்புங்கூடப் பெரும்பாலும் குற்றமற்றவரையே சுட்டும்.

இன்னுமோர் எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு அடையாளங்கள் ஒன்றையொன்று சாராதவையாயின், அவற்றைப் பெருக்கித் தேடலைச் சுருக்கலாம். 'தறிவேலை அறிந்தவன்', 'நூலின் தரம் அறிந்தவன்' என்பன இரண்டல்ல. ஒன்றே இருமுறை சொல்லப்பட்டது. அவற்றை இரண்டாக எண்ணிப் பெருக்குபவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான்.

கணிப்பைச் சான்றாகக் கொண்டதன் விளைவை லண்டன் மாநகர் கண்டது. 1992-ஆம் ஆண்டில் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள். உளவியலார் வகுத்த இயல்புக் கணிப்புக்கு ஓர் இளைஞன் பொருந்துகிறான் என்று காவலர் நம்பினர். மாறுவேடத்தில் ஒரு பெண் அதிகாரியை அவனோடு பழகவிட்டு, வாக்குமூலம் பெற மாதக்கணக்கில் முயன்றனர். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. எனினும் வழக்குத் தொடரப்பட்டது. 1994-இல் நீதிபதி அம்முறையைக் கடுமையாகக் கண்டித்து அச்சான்றுகளை ஏற்க மறுத்துவிட்டார். மரபணுச் சோதனையின் துணையால் உண்மைக் கொலையாளி வேறொருவன் என்பது 2008-இல் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. இதற்கிடையே, 1993-இல் அவன் ஒரு தாயையும் அவளுடைய குழந்தையையும் கொன்றிருந்தான். குற்றமற்றவன்மேல் நாட்டிய கண், குற்றவாளியைக் காணத் தவறியது. ஆகவே தவறான கணிப்பால் கெடுபவன் பிடிபட்டவன் ஒருவனே அல்லன். பிடிபடாதவனால் அடுத்துத் தாக்கப்படுபவரும் கெடுகின்றனர்.

தனிமனிதன்மீது விழும் தவறே இத்துணைக் கொடிது என்றால், ஒரு குலம் முழுவதன்மீதும் விழும் தவறு எத்துணைக் கொடிதாகும்! அதையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. அறிவிக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், தனியே எக்குற்றமும் செய்யாதிருப்பினும், பெயரையும் கைரேகையையும் பதிவு செய்யவேண்டும். ஊரைவிட்டுச் செல்ல அனுமதி பெறவேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதிலும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

பவாரியர் என்னும் குலமும் வடநாட்டில் அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே கும்மிடிப்பூண்டி வழக்கைப் படிக்கும்போது நாம் இரட்டிப்பு விழிப்போடு இருத்தல் வேண்டும். கொள்ளையடித்தது ஒரு கூட்டம். அக்கூட்டத்தார் ஒரே குலத்தவர் என்பது உண்மையாயின், அதிலிருந்து அக்குலத்தார் யாவரும் கொள்ளையர் என்பது பெறப்படாது. கும்பகோணத்து வெற்றிலையெல்லாம் பச்சை நிறம் என்பதால் பச்சையாய் உள்ளவெல்லாம் கும்பகோணத்து வெற்றிலை ஆகிவிடுமா? தருக்கம் பயிலும் மாணவர் இப்பிழையை எளிதில் காண்பர். ஆயினும் அச்சமும் சினமும் மேலிடும்போது அறிஞரும் இதில் வழுக்கி விழுகின்றனர்.

'அதெல்லாம் பழங்காலம், இன்று கணக்கிடுவது இயந்திரம், இயந்திரத்துக்குக் குலம் ஏது, வெறுப்பு ஏது?' என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை காண்பது இன்றைய மாணவர்க்கு இன்றியமையாதது. 2009-ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட திட்டத்தின்படி நாட்டின் காவல் நிலைய ஏடுகள் கணினிவழி இணைக்கப்பட்டுள்ளன. 2022-இல் தேசிய அளவிலான தானியங்கிக் கைரேகைத் தொகுப்பு தொடங்கப்பெற்றது. 1995-இல் இவை இருந்திருப்பின், நெடுஞ்சாலைக் கொள்ளைக் கூட்டம் பத்தாண்டு தப்பித் திரிந்திருக்குமா என்பது ஐயமே. இந்நன்மையை மறுக்கவேண்டுவதில்லை.

ஆனால் இயந்திரம் தானே உலகைக் காண்பதில்லை; நாம் எழுதிக் கொடுத்த ஏட்டையே காண்கிறது. ஒரே அளவு களவு நடக்கும் இரண்டு தெருக்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் மட்டும் நாள்தோறும் காவலர் ரோந்து செல்கின்றனர். அத்தெருவின் களவுகள் ஏட்டில் ஏறுகின்றன. மற்றத் தெருவின் களவுகள் பெரும்பாலும் ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு இயந்திரம் அந்த ஏட்டைப் படித்து, முதல் தெருவே குற்றம் மலிந்தது என்கிறது. மேலும் காவலர் அங்கே அனுப்பப்படுகின்றனர். மேலும் வழக்குகள் ஏறுகின்றன. கணிப்பு பலித்ததாக எண்ணி மகிழ்கிறோம். உண்மையில் பலித்தது கணிப்பன்று. நம் பழைய நோக்கே திரும்பி வந்து நம்மைப் பார்க்கிறது. பேச்சு வழக்கில் நாம் சொல்லும் 'கேடி' என்னும் சொல், காவல்துறையின் பழைய ஏட்டுக் குறியீடான 'கே.டி.' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்தது என்பர். ஏட்டில் எழுதிய இரண்டெழுத்து, மனிதனின் பெயரையே விழுங்கிவிட்டது!

ஆதலால்தான் சட்டம் கணிப்புக்கு வேலியிடுகிறது. செல்வி என்பவருக்கும் கருநாடக அரசுக்கும் இடையே நடந்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், ஒருவருடைய இசைவின்றி மயக்கமருந்துச் சோதனை, மூளைப் பதிவுச் சோதனை, பொய்யறியும் சோதனை ஆகியவற்றை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சான்று கூறுமாறு யாரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. 2024 அக்டோபரில், சிறைகளில் சாதி வழியாக வேலை பிரிப்பதைச் செல்லாதென அறிவித்த தீர்ப்பிலும், பழைய குற்றப் பரம்பரைப் பட்டியலின் நிழல் சிறை விதிகளில் தொடர்வதை அதே நீதிமன்றம் கண்டித்தது.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை காவல் அதிகாரிகளாகலாம், சிலர் உளவியலாராகலாம், சிலர் கணிப்பொறிக்கு நிரல் எழுதலாம், சிலர் நீதிபதியின் இருக்கையில் அமரலாம். யாராயினும், ஒரு கணிப்பு உங்கள் கைக்கு வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். இக்கணிப்பு எந்த ஏட்டிலிருந்து பிறந்தது? அந்த ஏட்டில் யார் மிகுதியாக எழுதப்பட்டனர், யார் விடுபட்டனர்? இவ்வடையாளங்கள் குற்றமற்றவர் எத்தனை பேருக்குப் பொருந்தும்? இது செய்கையைச் சுட்டுகிறதா, பிறப்பைச் சுட்டுகிறதா? ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். புள்ளிவிவரமும் ஓர் ஒற்றனே. அதன் சொல்லைக் கேட்கலாம். வேறொரு சான்று வந்து ஒத்துரைக்கும்வரை அதன் சொல்லை நம்பி ஒருவனுக்கு விலங்கிடலாகாது.